மாத்திரைக்குள் ஒளிந்த மாசு: நுண்ணுயிரி முதல் கணினி வரை ஒரு வரலாறு



2019ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்கு ஜொகூர் பாலத்தைக் கடந்து, சிங்கப்பூரில் வாழும் என் அக்காள் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அக்காளுக்கு நீண்ட நாளாக நீரிழிவு நோய் உண்டு. காலையும் மாலையும் மெட்ஃபோர்மின் மாத்திரை உண்பவர். அவ்வேளையில்தான் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம், அங்குச் சந்தையில் இருந்த 46 மெட்ஃபோர்மின் மருந்துகளுள் மூன்றினைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் என்டிஎம்ஏ என்னும் மாசு, ஏற்கத்தக்க அளவினும் மிகுதியாகக் காணப்பட்டதே காரணம். அக்காளின் மாத்திரை அம்மூன்றில் ஒன்றன்று. மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டா என்றும் ஆணையம் அறிவுறுத்தியிருந்தது. ஆயினும் அக்காள் மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தவாறே இருந்தார்.

"தம்பி, நீ பள்ளிக்கூடத்துல அறிவியல் சொல்லிக் கொடுக்கிறவன்தானே! நோய்க்குக் கொடுக்கிற மருந்துல நஞ்சு எப்படிப்பா வந்துச்சு? இது முன்னாடியே யாருக்கும் தெரியாதா?"

என்னால் உடனே விடை கூற இயலவில்லை. மாணவர் கேட்கும் வினாவிற்கு விடை தெரியாவிடில், "நாளை தேடி வந்து சொல்கிறேன்" என்று கூறுவது நம் வழக்கமன்றோ? அக்காளிடமும் அவ்வாறே கூறினேன். தேடப் புகுந்தபோது, இருநூற்றைம்பது ஆண்டுக் கால வரலாறு ஒன்று விரிந்தது. ஒரு பொருள் நம் மரபணுவைக் கெடுக்குமா என்பதை, அப்பொருளை எவ்வுயிர்க்கும் கொடுத்துப் பார்க்காமலே கணினியைக் கொண்டு முன்கணிக்கும் கலையின் வரலாறு அது. அதனை இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

மாசு எங்கிருந்து வருகிறது?

மருந்து என்பது ஒரே கொதியில் ஆக்கி இறக்கும் பொருளன்று. ஒரு வேதிப்பொருளை மற்றொன்றோடு வினைபுரியச் செய்து, அதனை வேறொன்றாக்கி, பல படிகளைக் கடந்தே இறுதி மருந்து உருவாகிறது. ஒவ்வொரு படியிலும் வினைபுரியாமல் எஞ்சியவை, வேண்டாத பக்க வினையில் விளைந்தவை, கரைப்பானின் மிச்சம் எனச் சில தங்கிவிடும். எவ்வளவு தூய்மை செய்தாலும் சிறு துளியேனும் எஞ்சவே செய்யும். அரிசியை எத்துணை முறை களைந்தாலும் ஒரு கல் தப்பிவிடுவது போலத்தான்.

ஒரு மருந்தின் தயாரிப்பில் இத்தகைய மாசுகள் பல இருக்கக்கூடும். அவற்றுள் பெரும்பாலானவை அச்சிறு அளவில் தீங்கு செய்வதில்லை. ஆனால், சில மட்டும் உயிரணுவிற்குள் புகுந்து மரபணுவின் எழுத்தையே திருத்தி எழுதிவிடும். இதனை மரபணுப் பிறழ்வு என்கிறோம். அப்பிறழ்வு, பல ஆண்டுகளுக்குப் பின்னர்ப் புற்றுநோயாக முடியலாம். எது அத்தகையது என்பதை அறிய ஒவ்வொன்றையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்ப்பதென்றால், ஒரு பொருளுக்கே ஈராண்டுகளும் நூற்றுக்கணக்கான எலிகளும் பெரும் பொருட்செலவும் வேண்டும். எனவேதான் விரைவான வழி தேவைப்பட்டது.

புகைபோக்கிச் சிறுவர்கள்

வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர்கள் சிறுவர்கள். அக்காலத்து இலண்டனில் வீட்டுப் புகைபோக்கிகள் குறுகலானவை. அவற்றிற்குள் ஏறிக் கரியைச் சுரண்டச் சிறு பிள்ளைகளைப் பயன்படுத்தினர். அவர்கள் வளர்ந்த பின்னர் விதைப்பையில் புற்றுநோய் கண்டு மாண்டனர். இதற்குக் காரணம் உடலில் படிந்த புகைக்கரியே என்று 1775ஆம் ஆண்டில் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். தொழிலிடத்துப் பொருளொன்று புற்றுநோய் தரும் என்று சுட்டிய முதற்பதிவுகளுள் இஃது ஒன்று.

அதனைச் சோதனையால் மெய்ப்பிக்க மேலும் 140 ஆண்டுகள் ஆயின. சப்பானியரான யாமகிவா, இச்சிகாவா இருவரும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரைப் பல மாதங்கள் விடாமல் பூசி வந்து, 1915ஆம் ஆண்டில் அங்குப் புற்றுநோய் தோன்றியதைக் காட்டினர். 1927ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹெர்மன் முல்லர், ஊடுகதிர் பழ ஈக்களின் மரபணுவில் பிறழ்வை உண்டாக்குகிறது என்று மெய்ப்பித்தார். அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார்.

கதிர் செய்வதை வேதிப்பொருளும் செய்யுமா? இவ்வினாவிற்கு விடை கண்டவர் நம்மைப் போல் ஒரு பள்ளி ஆசிரியராக இருந்தவர் என்பது நமக்குப் பெருமை. அவர் பெயர் சார்லட் அவெர்பாக். செருமானியப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்து வந்தார். யூதர் என்ற காரணத்தால் 1933இல் நாசி ஆட்சியில் வேலை பறிக்கப்பட்டு, ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரை அடைந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு ராப்சன் என்பவருடன் சேர்ந்து, போர் நஞ்சாகிய கடுகு வாயுவைப் பழ ஈக்களின்மீது செலுத்தி ஆராய்ந்தார். அவ்வாராய்ச்சியில் அவர் கைகளே வெந்து புண்ணாயின. ஊடுகதிரைப் போலவே அவ்வாயுவும் மரபணுப் பிறழ்வை உண்டாக்கியது. போர்க்கால மறைகாப்பினால் இம்முடிவு 1946ஆம் ஆண்டில்தான் உலகிற்கு வெளிப்பட்டது.

இனி நம் கதையின் நாயகன் வருகிறான். 1950களில் இங்கிலாந்தில், ஒரு கரைப்பானைக் கையாண்ட தொழிற்கூடப் பணியாளர் சிலருக்குக் கல்லீரல் கெட்டது. பார்ன்ஸ், மேகி என்னும் இரு ஆய்வாளர்கள் அப்பொருளை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். 1956ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட முடிவு: எலிகளின் கல்லீரலில் புற்றுநோய்க் கட்டிகள். அக்கரைப்பானின் பெயர் டைமெத்தில் நைட்ரோசமின். என் அக்காள் செய்தியில் கேட்ட என்டிஎம்ஏ அதுவேதான். இந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துப்பிழையைத் தேடிய அறிஞர்

1964ஆம் ஆண்டளவில் புரூஸ் ஏம்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தில் அச்சிட்டிருந்த பொருட்பட்டியலைப் படித்தாராம். இத்தனை வேதிப்பொருள்களை உண்கிறோமே, இவற்றுள் எது மரபணுவைக் கெடுக்கும் என்று எவரேனும் பார்த்தனரா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அதற்கு அவர் கண்ட சோதனையைத் தமிழாசிரியர்கள் எளிதில் உணரலாம்.

மரபணு நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல். உயிரணு அதனை மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. 'மரம் படகு பழம்' என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மூன்றெழுத்துச் சொல். 'பழம்' என்பதில் ழகரம் லகரமானால் 'பலம்' என்றாகிப் பொருள் மாறிவிடும். இஃது ஒருவகைப் பிறழ்வு. முதற்சொல்லில் 'ர' என்னும் ஓர் எழுத்து விடுபட்டால், மும்மூன்றாகப் படிப்பவருக்கு 'மம்ப டகுப ழம்' என்று முழுத் தொடரும் குலைந்துவிடும். இது மற்றொரு வகை.

ஏம்ஸ் எடுத்துக்கொண்டது சால்மோனெல்லா என்னும் நுண்ணுயிரி. ஹிஸ்டிடின் என்னும் உணவுச்சத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் மரபணுவில் எழுத்துப்பிழையுள்ள நுண்ணுயிரிகளை அவர் தேர்ந்து வைத்திருந்தார். ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் அவை பெருக முடியாது. இப்போது அத்தட்டில் ஐயத்திற்குரிய பொருளை இடவேண்டும். அப்பொருள் மரபணு எழுத்துகளைக் கலைக்கும் தன்மையதாயின், கோடிக்கணக்கான நுண்ணுயிரிகளுள் சிலவற்றில் பழைய பிழை தற்செயலாகத் திருந்திவிடும். 'பளம்' என்று இருந்தது மீண்டும் 'பழம்' ஆகிவிடும். திருந்தியவை மட்டும் பெருகி, இரண்டு நாள்களில் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளை எண்ணினால் போதும். ஈராண்டு எலிச் சோதனையின் முன் இஃது இரண்டு நாள் வேலை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. சில பொருள்கள் உள்ளே போகும்போது தீங்கற்றவை. நம் கல்லீரல் அவற்றைச் செரித்து மாற்றும்போதுதான் நஞ்சாகின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் மில்லர், எலிசபெத் மில்லர் என்னும் கணவன் மனைவியர் இதனைப் பல்லாண்டு ஆராய்ந்து விளக்கியிருந்தனர். ஆகவே ஏம்ஸ், எலியின் கல்லீரல் சாற்றையும் தட்டில் சேர்த்தார். 1973ஆம் ஆண்டில் இம்முறையை வெளியிட்டார். 1975ஆம் ஆண்டில் அவர் குழுவினர் சோதித்த 174 புற்றுநோய்ப் பொருள்களில் 156 இச்சோதனையில் சிக்கின. பின்னாளில் மேலும் பல பொருள்களைச் சோதித்தபோது இவ்விழுக்காடு குறைந்தது. எனினும் சோதனை நிலைத்தது. தம் நுண்ணுயிரிகளை உலகின் ஆய்வுக்கூடங்களுக்கு அவர் விலையின்றியே வழங்கினார். 2024ஆம் ஆண்டு தம் 95ஆம் வயதில் அவர் மறைந்தார்.

பெற்றோர் அறிய வேண்டிய ஒரு நிகழ்ச்சியும் உண்டு. 1970களில் அமெரிக்காவில் குழந்தைகளின் இரவு உடைகள் எளிதில் தீப்பற்றலாகாது என்ற விதி இருந்தது. அதற்காகத் துணியில் டிரிஸ் என்னும் பொருளை ஏற்றினர். ஏம்ஸும் ஆர்லின் புளூம் என்னும் அறிவியலாளரும், அப்பொருள் மரபணுப் பிறழ்வை உண்டாக்குவதை 1977இல் எடுத்துரைத்தனர். அவ்வாண்டே அது தடை செய்யப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த பொருளும் அடுத்த ஆண்டு சோதனையில் அகப்பட்டது. முன்னதில் புரோமின் அணுக்கள். பின்னதில் குளோரின் அணுக்கள். மற்றபடி இரண்டும் உடன்பிறப்புகள் போன்றவை.

இங்கேதான் நம் தலைப்பிற்குரிய வினா பிறக்கிறது. உடன்பிறப்பின் முகத்தைப் பார்த்தே இதுவும் இத்தகையது என்று முன்னரே சொல்லியிருக்க முடியாதா?

உருவத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லுதல்

அவ்வெண்ணம் பழையது. 1868ஆம் ஆண்டில், பின்னாளில் அவெர்பாக் அடைக்கலம் புகுந்த அதே எடின்பரோ நகரில், கிரம் பிரவுன், பிரேசர் என்னும் இருவர், ஒரு பொருள் உடலில் செய்யும் வேலை அதன் வேதி அமைப்பைப் பொறுத்ததே என்று எழுதினர். எட்டிக்கொட்டை நஞ்சாகிய ஸ்டிரிக்னின் வலிப்பை உண்டாக்கும். அதன் அமைப்பைச் சிறிது மாற்றியதும் அது வலிப்பிற்கு மாறாகத் தசையைச் செயலிழக்கச் செய்ததை அவர்கள் கண்டனர். 1960களில் கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரியைச் சேர்ந்த கார்வின் ஹான்ஷும் சப்பானியரான ஃபுஜிதாவும் இவ்வெண்ணத்தைக் கணக்குச் சமன்பாடாக்கினர். மூலக்கூறின் அளவைகளை இட்டால் அதன் செயலாற்றல் எண்ணாக வெளிவரும் முறை அது.

மரபணுப் பிறழ்வுத் துறையில் இதனைச் செய்து காட்டியவர் ஜான் ஆஷ்பி என்னும் ஆங்கிலேயர். தீய பொருள்களின் மூலக்கூறுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், சில சிறு உறுப்புகள் மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. அவை மரபணுவோடு ஒட்டிக்கொள்ளும் கொக்கிகள். அத்தகைய எச்சரிக்கைக் கூறுகள் அனைத்தையும் ஒன்றாகத் தாங்கிய கற்பனை மூலக்கூறு ஒன்றை ஆஷ்பி 1985ஆம் ஆண்டில் வரைந்து வெளியிட்டார். அப்படி ஒரு பொருள் எங்கும் இல்லை. அது முழுக்க முழுக்கப் பாடம் கற்பிக்க வரைந்த படம். வகுப்பறைச் சுவரில் ஒட்டும் அட்டையைப் போன்றது. நைட்ரசனோடு ஒட்டிய நைட்ரசன்–ஆக்சிசன் வால், அதாவது என்டிஎம்ஏவின் அடையாளமும் அதில் இடம்பெற்றிருந்தது.

1990ஆம் ஆண்டில் ஒரு வியத்தகு தேர்வு நிகழ்ந்தது. அமெரிக்காவில் 44 பொருள்கள் எலிகளில் சோதிக்கப்பட்டு வந்தன. முடிவுகள் வெளிவருமுன்னரே ஆஷ்பியும் டென்னன்டும் மற்றச் சிலரும் தங்கள் கணிப்பை எழுதி அச்சிட்டுவிட்டனர். பிற ஆய்வாளர்களும் தங்கள் கணினி நிரல்களின் கணிப்பை வெளியிட்டனர். முடிவுகள் வந்தபோது, பட்டறிவுடைய மாந்தரின் கணிப்பே கணினிகளின் கணிப்பை விஞ்சியிருந்தது.

இலக்கணமும் வழக்கும்

எனினும் கணினிகள் தேர்வில் தோற்ற மாணவரைப் போல் மீண்டும் படித்தன. அவை படித்த வழிகள் இரண்டு.

முதல் வழி, விதிகளைக் கற்பது. வல்லுநர்கள் தங்கள் அறிவை, "இந்த உறுப்பு இருந்தால் இன்ன தீங்கு நேரலாம், ஆனால் பக்கத்தில் இன்னது இருந்தால் அத்தீங்கு தணியும்" என்று விதிகளாக எழுதிக் கணினிக்கு ஊட்டுவர். 1980களில் தோன்றி, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வளர்ந்த டெரெக் என்னும் நிரல் இவ்வகையினது.

இரண்டாம் வழி, எடுத்துக்காட்டுகளிலிருந்து தானே கற்பது. ஏம்ஸ் சோதனை முடிவுகளை ஆயிரக்கணக்கில் கொடுத்தால், எந்தத் துண்டு தீய பொருள்களில் மிகுதியாக வருகிறது என்று கணினியே எண்ணிக் கண்டுபிடிக்கும். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் கில்ஸ் குளோப்மன் 1984இல் வெளியிட்ட கேஸ் என்னும் நிரல் இவ்வகையின் முன்னோடி.

மொழி கற்பித்தலில் நாம் நன்கறிந்த வேறுபாடுதான் இது. ஒரு மாணவன் நன்னூல் நூற்பாவைப் படித்து வல்லினம் மிகும் இடத்தை அறிகிறான். மற்றொருவன் நூற்பா எதுவும் அறியாமல், நிறையப் படித்த பழக்கத்தால் சரியாக எழுதிவிடுகிறான். முன்னவனுக்குக் காரணம் சொல்லத் தெரியும். விதியில் இல்லாத சொல் வந்தால் திகைப்பான். பின்னவனுக்குக் கை சரியாக ஓடும். காரணம் கேட்டால் திகைப்பான். இருவரையும் ஒருசேர அமர்த்தி ஒரே கட்டுரையைத் திருத்தச் சொன்னால், ஒருவர் விட்ட பிழையை மற்றவர் பிடிக்கக்கூடும்.

உலக மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் இதையேதான் பின்னர்ச் செய்தன.

விதி பிறந்த கதை

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ரோஷ் நிறுவனத்தின் விராசெப்ட் என்னும் எய்ட்சு நோய் மருந்து ஐரோப்பாவில் திரும்பப் பெறப்பட்டது. மாத்திரையில் வழக்கத்திற்கு மாறான வாடை வீசுவதாக நோயாளிகள் முறையிட்டதே தொடக்கம். ஆராய்ந்தபோது அதில் இஎம்எஸ் என்னும் பொருள் இருந்தது. ஆய்வாளர்கள் வேண்டுமென்றே பிறழ்வை உண்டாக்கப் பயன்படுத்தும் பொருள் அது! தொட்டியைக் கழுவிய எத்தனால் முழுதும் உலராமல் எஞ்சி, உள்ளே வைத்த அமிலத்தோடு வினைபுரிந்ததால் அது விளைந்திருந்தது. நோயாளிகள் உட்கொண்ட அளவினால் கூடுதல் இடர் இல்லை என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. எனினும் அனைவரும் விழித்துக்கொண்டனர்.

2014ஆம் ஆண்டில் எம்7 எனப்படும் அனைத்துலக நெறிமுறை உருவாயிற்று. இது கூறுவது இதுதான்: மருந்தில் இருக்கக்கூடிய ஒவ்வொரு மாசினையும் பட்டியலிடுக. சோதனைச் சான்று ஏதும் இல்லாதவற்றின் அமைப்பை இரண்டு வகைக் கணினி மாதிரிகளிடம் காட்டுக. ஒன்று வல்லுநர் விதிவழி இயங்குவது. மற்றொன்று புள்ளியியல் வழி இயங்குவது. இரண்டும் தீங்கில்லை என்றால், அதனை வழக்கமான மாசாகவே கருதலாம். நுண்ணுயிரிச் சோதனைகூடத் தேவையில்லை. ஐயம் எழுந்தால், ஏம்ஸ் சோதனை செய்க. அல்லது வாழ்நாள் முழுதும் உண்ணும் மருந்தாயின் நாளொன்றுக்கு 1.5 மைக்ரோகிராம் அளவிற்குள் அம்மாசினை அடக்குக. ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கே மைக்ரோகிராம். இலட்சம் பேர் வாழ்நாள் முழுதும் உண்டால் கூடுதலாக ஒருவருக்குப் புற்றுநோய் நேரலாம் என்னும் கணக்கில் அமைந்த எல்லை அது.

அந்நெறிமுறை மற்றொன்றும் கூறியது. சில வகைப் பொருள்கள் மிகக் கொடியவை. அவற்றிற்கு இவ்வெல்லையும் போதாது. அச்சிறு பட்டியலில் நைட்ரோசோ வகையும் ஒன்று. ஆம், 1956ஆம் ஆண்டின் அதே குடும்பம்தான்!

எல்லாம் தெரிந்தும் தவறியது எப்படி?

இனி அக்காளின் வினாவிற்கு வருவோம்.

2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் உலகெங்கும் வல்சார்டன் என்னும் இரத்த அழுத்த மருந்துகள் திரும்பப் பெறப்பட்டன. சீனாவின் செஜியாங் ஹுவாஹாய் நிறுவனம் ஆக்கிய மூலமருந்தில் என்டிஎம்ஏ இருந்தது. அந்நிறுவனம் 2012ஆம் ஆண்டில் தயாரிப்பு முறையை மாற்றியிருந்தது. புதிய முறையில் ஒரு கரைப்பானும் சோடியம் நைட்ரைட்டு என்னும் உப்பும் இடம்பெற்றன. கரைப்பான் சிதைந்து டைமெத்தில் அமின் தந்தது. நைட்ரைட்டு அதனோடு கூடி என்டிஎம்ஏ ஆயிற்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் தொழிற்கூடங்களில் அன்றாடம் புழங்குபவை. ஆறு ஆண்டுகள் எவரும் அதனைக் காணவில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். என்டிஎம்ஏ மொத்தம் பதினோரு அணுக்களே கொண்ட சிறு மூலக்கூறு. அதனை எந்தக் கணினி மாதிரியிடம் காட்டியிருந்தாலும் அது நொடியில் எச்சரித்திருக்கும். ஆஷ்பியின் படத்தைப் பார்த்த மாணவன்கூடச் சொல்லியிருப்பான். மேகியும் பார்ன்சும் சொல்லி 62 ஆண்டுகள் ஆகியிருந்தன. அறிவு குறைவில்லாமல் இருந்தது. ஆனால், "இம்முறை மாற்றத்தால் இப்பொருள் இங்கே உண்டாகுமா?" என்னும் வினாவை எவரும் உரிய காலத்தில் கேட்கவில்லை. பட்டியலில் எழுதப்படாத பொருளைப் பற்றிக் கணினி எவ்வாறு விடை சொல்லும்?

அதன்பின் தேடத் தொடங்கியதும் வேறு மருந்துகளிலும் அகப்பட்டது. 2019 செப்டம்பரில் வயிற்றுப்புண் மருந்தாகிய ரனிடிடின். டிசம்பரில் அக்காளின் மெட்ஃபோர்மின் வகை. என்டிஎம்ஏவிற்கு வகுத்த எல்லை நாளொன்றுக்கு 96 நானோகிராம். முன்னர்க் கூறிய 1.5 மைக்ரோகிராமில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்கு. உப்புக் கருவாட்டிலும் பதப்படுத்திய இறைச்சியிலும்கூட இப்பொருள் சிறிதளவு உண்டு. ஆகவே, மாத்திரையை நிறுத்தி நீரிழிவை ஏறவிடுவதே உடனடித் தீங்கு என்று ஆணையம் எண்ணியது முறையே.

நைட்ரோசமின் குடும்பம் கணினி மாதிரிகளுக்கும் புதிய பாடம் கற்பித்தது. இக்குடும்பத்தில் எல்லாம் ஒரே அளவில் கொடியவை அல்ல. வழக்கமான ஏம்ஸ் சோதனை சிலவற்றைச் சரியாகப் பிடிப்பதில்லை. எனவே வெள்ளெலியின் கல்லீரல் சாற்றையும் சேர்த்துச் சோதனையைக் கூர்மைப்படுத்தினர். 2023ஆம் ஆண்டில் ஐரோப்பிய, அமெரிக்கக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள், நைட்ரோசோ வாலின் அருகிலுள்ள அணுக்களின் அமைப்பைப் பார்த்து அம்மாசினை ஐந்து தரங்களாகப் பிரித்து எல்லை வகுக்கும் முறையை வெளியிட்டன. உருவத்தைப் பார்த்து, "தீயது" என்பதோடு, "எவ்வளவு தீயது" என்றும் சொல்லும் முயற்சி அது.

தெரியாது என்று சொல்லும் துணிவு

கணினியின் சொல்லை எவ்வளவு நம்பலாம்? சப்பானில் புதிய தொழில் வேதிப்பொருள்களுக்கு ஏம்ஸ் சோதனை கட்டாயம் என்பதால், வெளியில் அறியப்படாத முடிவுகள் அரசிடம் பெருமளவில் சேர்ந்திருந்தன. அவற்றுள் 12,140 பொருள்களை, 2014 முதல் 2017 வரை மூன்று கட்டங்களாக, நிரல் ஆக்குவோரிடம் வினாத்தாளாகக் கொடுத்தனர். 12 குழுக்கள் 17 மாதிரிகளுடன் தேர்வெழுதின. விடைகள் பின்னர் வழங்கப்பட்டு, அவற்றைக் கொண்டு மாதிரிகள் தம்மைத் திருத்திக்கொண்டன. தேர்வின் நோக்கம் திருத்தமே என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமோ?

நுண்ணுயிரிச் சோதனையே இரு ஆய்வுக்கூடங்களில் செய்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து அளவில்தான் ஒத்துப்போகிறது. ஆசிரியரே நூறு விழுக்காடு சரியில்லாதபோது, அவரிடம் கற்ற மாணவன் எவ்வாறு நூறு பெறுவான்? இதனை உணர்ந்தே 2004ஆம் ஆண்டில் ஓஈசிடி எனப்படும் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஐந்து கோட்பாடுகளை வகுத்தது. ஒரு மாதிரி எதனைக் கணிக்கிறது என்பது தெளிவாக இருத்தல் வேண்டும். கணிக்கும் முறை ஐயத்திற்கிடமின்றி இருத்தல் வேண்டும். எவ்வகைப் பொருள்களுக்கு அது பொருந்தும் என்ற எல்லை சொல்லப்படுதல் வேண்டும். அதன் திறன் அளந்து காட்டப்படுதல் வேண்டும். இயலுமாயின் காரணமும் விளக்கப்படுதல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதே என் மனத்தைக் கவர்ந்தது. தான் கற்றவற்றோடு ஒப்பில்லாத மூலக்கூறு வந்தால், "இது என் எல்லைக்கு அப்பாற்பட்டது" என்று நல்ல மாதிரி சொல்லிவிடும். அப்போது மாந்தர் வந்து பார்க்க வேண்டும். எச்சரிக்கை இல்லை என்பதும் தீங்கு இல்லை என்பதும் ஒன்றல்ல.

வகுப்பறையில் விடை தெரியாத பிள்ளை, தெரிந்ததுபோல் எதையோ எழுதிவிடுகிறது. "தெரியாது" என்று எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று நாம்தாம் பழக்கியிருக்கிறோம். இயந்திரத்திற்கு நாம் கற்பிக்கும் நேர்மையைப் பிள்ளைகளுக்கும் கற்பிக்கலாமே!

அக்காளுக்கு நான் தொலைபேசியில் கூறிய விடை இதுதான்: "தெரியும் அக்கா. ரொம்ப காலமாவே தெரியும். ஆனா அது அங்க இருக்குமான்னு யாரும் கேக்கல." அக்காள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "உன் பிள்ளைங்கள நல்லாக் கேள்வி கேக்கச் சொல்லுப்பா" என்றார்.

அக்காள் இன்றும் தம் மாத்திரையை மருத்துவர் சொன்னபடி உண்டு வருகிறார். நானோ, ஆறாம் ஆண்டு அறிவியல் வகுப்பில் ஒவ்வொரு வாரமும் இறுதிப் பத்து நிமிடத்தை, மாணவர்கள் விடை சொல்லாமல் வினா மட்டுமே எழுதுவதற்கென ஒதுக்கியிருக்கிறேன். சென்ற வாரம் ஒரு சிறுமி எழுதியிருந்தாள்: "கழுவிய பிறகு தொட்டியில் என்ன மிச்சம் இருக்கும், ஐயா?" விராசெப்ட் கதையை நான் அவ்வகுப்பில் சொன்னதே இல்லை.